முதுகில் கத்தி வைக்கும் முன்னும் பின்னும்

கடலூர் மாவட்டத்தில் பெண்ணாடம் பக்கத்தில் கரும்பு வெட்டுகிறவரிடமோ, நாற்று நடுகிற பெண்ணிடமோ இடுப்பு வலியைப் பற்றிக் கேட்டால் அதை ஒரு நோயாகவே சொல்ல மாட்டார்கள். வேலையோடு வந்தது, வேலையோடு போகட்டும் என்பார்கள். கொள்முதல் நிலையத்தில் ஒரு நெல் மூட்டை 40 கிலோ. சிமெண்ட் மூட்டை 50 கிலோ. இருபது வருடம் இவற்றைத் தூக்கிய முதுகுக்குத் தைலமும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும், ஒரு பெல்ட்டும்தான் வைத்தியம். ஒருநாள் அந்த வலி இடுப்பை விட்டு இறங்கி, பின்தொடை வழியாகக் கெண்டைக்கால்வரை சுண்டி இழுக்கும். அதற்குப் பிறகுதான் ஸ்கேன். ‘ஜவ்வு விலகியிருக்கு, நரம்பை அழுத்துது, ஆபரேஷன் பண்ணணும்’ என்ற சொல்லைச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறார்கள்.

அன்றிரவு அந்த வீட்டில் நடக்கும் பேச்சை இந்த மாவட்டத்தில் எல்லோரும் கேட்டிருப்போம். ‘முதுகுல கத்தி வச்சா கால் போயிடும்’ என்பார் ஒருவர். ‘என் மச்சான் பண்ணிட்டு மறுவாரமே வண்டி ஓட்டுறான்’ என்பார் இன்னொருவர். கையில் இருக்கும் படத்தைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை. முடிவைப் பயமோ அவசரமோ எடுத்துவிடுகிறது. அந்த முடிவை எடுக்க நோயாளிக்குத் துணை நிற்பதும், அறுவைக்குப் பிறகு அவர் திரும்ப வேலைக்குப் போகும்வரை தாங்குவதும் அரசு மருத்துவத்தின் பொறுப்பு என்பது நமது நிலைப்பாடு. இன்று அந்தப் பொறுப்பு அறுவைக்கூடத்தின் வாசலில் தொடங்கி அதே வாசலில் முடிந்துவிடுகிறது.

முதலில் அந்தப் படம். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைப் பல ஆய்வுகளிலிருந்து தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளியானது. வலியில்லாத அந்த மனிதர்களில், இருபது வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 30 பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. ஐம்பது வயதுக்காரர்களில் 60 பேருக்கு. எண்பது வயதில் 84 பேருக்கு. தலை நரைப்பதைப் போல முதுகெலும்பின் ஜவ்வும் வயதோடு தேய்கிறது. ஸ்கேனில் ‘எல் ஃபோர், எல் ஃபைவ்’ எலும்புகளுக்கிடையே ஜவ்வு பிதுங்கியிருப்பதாக எழுதியிருப்பதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது. எந்தக் கால், எந்த விரல்வரை வலிக்கிறது, எங்கே மரத்துப்போகிறது, குதிகாலால் நடக்க முடிகிறதா, காலை நீட்டித் தூக்கினால் என்ன ஆகிறது என்று மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சொல்வதும் படம் சொல்வதும் ஒன்றாகப் பொருந்தினால்தான் அறுவையைப் பற்றிப் பேசவே முடியும். நரம்பழுத்தம் இல்லாமல் இடுப்பில் மட்டும் இருக்கும் நாள்பட்ட வலிக்கு ஸ்க்ரூ வைத்து எலும்புகளை இணைக்கும் அறுவையை, ஆராய்ச்சிக்காக அல்லாமல் செய்ய வேண்டாம் என்று பிரிட்டனின் அரசு வழிகாட்டு நெறிகள் 2016இலேயே சொல்லிவிட்டன.

கத்தி தேவையா என்று சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கும் பழக்கம் நமக்குப் புதிதும் அல்ல. முதுகெலும்புக் காசநோய்க்குப் பெரிய அறுவை செய்வதா, மருந்து மட்டும் கொடுத்து நடமாடவிடுவதா என்ற கேள்வியைச் சென்னை சேத்துப்பட்டில் அன்று காசநோய் ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் இயங்கிய நிறுவனம் கையில் எடுத்தது. நோயாளிகளைப் பிரித்து இரண்டு வழியிலும் சிகிச்சை தந்து, பத்து ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்து, 1999இல் முடிவை வெளியிட்டது. பெரும்பாலானவர்களுக்கு மருந்து மட்டுமே போதும் என்று தெரிந்தது. அந்த நோயாளிகளில் பலர் படுக்கையில் கட்டிப்போடப்படாமல் வீட்டிலிருந்தபடியே குணமானார்கள். முதுகெலும்புக் காசநோய்க்கான சிகிச்சை மாறியதில் அந்த முடிவுக்கும் பங்கு உண்டு. பத்து ஆண்டு பொறுமை நம் ஊர் அரசு மருத்துவத்துக்கு இருந்திருக்கிறது என்பதை நாம் பெருமையோடு நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ‘அப்போ ஆபரேஷனே வேண்டாம்’ என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. நெதர்லாந்தில் கால் நரம்பு வலி கடுமையாக இருந்த 283 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2007இல் வெளியானது. ஒரு சாராருக்கு உடனே அறுவை. மறுசாராரை மருந்து, உடற்பயிற்சியோடு காத்திருக்க வைத்தார்கள், தாங்காவிட்டால் அறுவை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே நிலை. காத்திருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கத்தியே தேவைப்படவில்லை. ஆனால் உடனே அறுவை செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் சுமார் 4 வாரத்தில் தேறினார்கள். மற்ற பக்கத்தில் அதற்கு 12 வாரம் ஆனது.

அந்த எட்டு வார வித்தியாசத்தைத்தான் நாம் பெண்ணாடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சம்பளத்தோடு விடுப்பு இருக்கும் அலுவலருக்கு அது பொறுத்துக்கொள்ளும் காலம். அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு அது எட்டு வாரக் கூலி, அதாவது வட்டிக்கு வாங்கும் கடன், அடகுக்குப் போகும் தோடு. அவர் சீக்கிரம் அறுவை செய்துகொள்ள விரும்பினால் அதை அறியாமை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அதே சமயம் இன்னொன்றையும் அவரிடம் மறைக்கக் கூடாது. ஜவ்வு அறுவை கால் வலியைப் போக்குவதில் கெட்டிக்காரத்தனம் காட்டும் அளவுக்கு இடுப்பு வலியைப் போக்குவதில் காட்டாது. தேறிவிட்டோம் என்று நினைத்து ஆறாவது வாரத்திலேயே மூட்டை தூக்கினால் அதே இடத்தில் ஜவ்வு மறுபடி பிதுங்கலாம். இந்த இரண்டையும் கேட்டுவிட்டு அவர் எடுப்பதுதான் முடிவு. இதைச் சொல்ல ஒரு மருத்துவருக்குக் கால் மணி நேரம் வேண்டும். கூட்டம் நிரம்பி வழியும் புறநோயாளிப் பிரிவில் அந்தக் கால் மணி நேரம் கிடைப்பதில்லை.

அறுவைக்குப் பிந்தைய மாதங்களைப் பற்றி நம் ஊரில் இருக்கும் அபிப்பிராயம் இன்னும் மோசம். மூன்று மாதம் அசையாமல் படுத்தே கிடக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் பாதி. தையல் பிரித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறவர்கள் மீதி. இரண்டுமே தவறு. ஜவ்வு அறுவை செய்தவரைப் பெரும்பாலும் மறுநாளே எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். நடைதான் முதல் மருந்து. படுக்கையிலிருந்து எழும்போது நேராக நிமிரக் கூடாது. ஒருக்களித்துப் புரண்டு, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். முதல் ஆறு வாரம் குனிவது, இடுப்பைத் திருப்புவது, பாரம் தூக்குவது ஆகாது. கடின உழைப்புக்குத் திரும்ப மூன்று மாதமாவது பிடிக்கும். ஸ்க்ரூ வைத்து இணைத்திருந்தால் எலும்பு கூட ஆறு மாதம், சில சமயம் ஒரு வருடம். பீடி குடிக்கிறவருக்கு எலும்பு கூடுவது இன்னும் தாமதம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குப் புண்ணில் சீழ் வைக்கும் ஆபத்து.

இந்த அறிவுரையெல்லாம் கட்டிலும், உட்கார்ந்து போகும் கழிப்பறையும் இருக்கும் வீட்டை மனத்தில் வைத்துச் சொல்லப்படுகிறது. தரையில் பாய் விரித்துப் படுத்து, குந்தி உட்கார்ந்து பாத்திரம் துலக்கி, இடுப்பில் குடம் சுமக்கும் பெண் எங்கே போவாள்? குடத்தைத் தூக்காதே என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு அந்தக் குடத்தை யார் தூக்குவது என்று சொல்வதில்லை. சூலை நோய் தாங்காமல் திருவதிகைக்கு ஓடிவந்த அப்பருக்குத் தமக்கை திலகவதியார் இருந்தார். இதே மாவட்டத்துப் பெண் ஒருத்தி முதுகு அறுவை முடிந்து வீடு திரும்பினால் அவளைத் தாங்க வேண்டியது யார் என்பதைக் குடும்பத்தின் நல்லெண்ணத்துக்கு மட்டும் விட்டுவிட முடியாது.

நம் அரசுக்கு இது தெரியாத கணக்கும் அல்ல. பிரசவித்த பெண்ணுக்கு ஓய்வும் சத்துணவும் வேண்டும் என்பதற்காகத்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் 18,000 ரூபாய் வரை தருகிறோம். கூலி போகும் நாட்களில் உடல் தேற வேண்டுமானால் கையில் காசு வேண்டும் என்பதைத் தமிழ்நாடு எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் முதுகெலும்பு அறுவை செய்துகொள்ளும் கூலித் தொழிலாளிக்கும் அதே நியாயம் பொருந்தும். மருத்துவமனைக்குப் பணம் கட்டும் அரசு, மூன்று மாதத்துக்காவது அந்தக் குடும்பத்தின் அரிசி பருப்புக்கும் ஒரு தொகை தர வேண்டும். தராவிட்டால் அவர் ஆறாவது வாரத்திலேயே மூட்டைக்குக் கீழே தோளைக் கொடுப்பார். செய்த அறுவையும் செலவழித்த பணமும் வீணாகும்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட்கள் இருக்கிறார்கள். இது நல்ல திட்டம். முதுகு அறுவை முடிந்து வீடு திரும்புகிறவரின் பெயர் மருத்துவமனையிலிருந்து நேராக அந்தப் பட்டியலுக்குப் போக வேண்டும். பிசியோதெரபிஸ்ட்களின் எண்ணிக்கையைக் கூட்டவும் வேண்டும். பயிற்சிக்காகப் பெண்ணாடத்திலிருந்து சிதம்பரம் மருத்துவக் கல்லூரிக்குப் போய்வருவதை நினைத்துப் பாருங்கள். ஒன்று கார்டு லைனில் இருக்கிறது, மற்றொன்று மெயின் லைனில். நேர் ரயில் இல்லை. தையல் ஆறாத முதுகோடு இரண்டு மணி நேரம் பேருந்தில் குலுங்கிப் போய்ப் பயிற்சி எடு என்று சொல்வது பயிற்சி எடுக்காதே என்று சொல்வதுதான். திட்டக்குடியிலும் விருத்தாசலத்திலும் உள்ள அரசு மருத்துவமனைகளில் முதுகு வலிக்கென்றே வாரம் சில நாட்கள் பிசியோதெரபிப் பிரிவு முழுமையாக இயங்க வேண்டும். அறுவை தேவைப்படாத பெரும்பாலானவர்களுக்கும் அதுதான் சிகிச்சை.

சிதம்பரத்து ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, மாணவர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021இல் சுகாதாரத் துறையின் கைக்கு வந்து அரசுக் கல்லூரியானது. அந்த மாற்றத்தின் பலன் மேற்குக் கோடியில் இருக்கும் நமக்கும் தெரிய வேண்டும். எலும்பு மருத்துவர், நரம்பு மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து, மாவட்டத்தில் எங்கே அறுவை பரிந்துரைக்கப்பட்டிருந்தாலும் அந்தப் படத்தையும் அந்த ஆளையும் இலவசமாகப் பார்த்து இரண்டாவது கருத்து சொல்லும் நாள் ஒன்று அங்கே வாரந்தோறும் வேண்டும். அவசரமில்லாத ஸ்க்ரூ அறுவைக்குக் காப்பீட்டு அனுமதி தருமுன் அந்தக் கருத்தைக் கட்டாயமாக்க வேண்டும். இது நல்ல அறுவை மருத்துவர்களுக்கு எதிரானது என்று சிலர் சொல்லக்கூடும். சரியாகத் தேர்ந்தெடுத்துச் செய்கிற மருத்துவருக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை.

அரசு செய்யும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறுவை என்று சொன்னால், ‘இது கால் வலிக்கா, இடுப்பு வலிக்கா? ஆறு வாரம் பயிற்சி செய்து பார்த்தால் ஆபத்தா? நான் எப்போது என் வேலைக்குப் போகலாம்?’ என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்த முதுகு வலி என்றால் காசநோய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துவிட்டாலோ, பாதம் தொங்கிப்போனாலோ மேலே சொன்ன எந்தக் காத்திருப்பும் உங்களுக்கு இல்லை. விடியட்டும் என்று இருக்காமல் அந்த நிமிடமே 108ஐ அழையுங்கள்.