இரண்டு கடல்களுக்கு நடுவே ஓர் ஓட்டம்

எழுமலையில் விடிவதற்கு முன்பே ஓட்டம் தொடங்கிவிடும். மேற்கே மலை இன்னும் கறுப்பாகத்தான் தெரியும். டீக்கடையில் பாய்லர் சூடாகிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் சாலையோரமாகவும் கண்மாய்க் கரையிலும் நாலைந்து பேர் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருப்பார்கள். உசிலம்பட்டி, பேரையூர் வட்டாரத்து ஊர்கள் எல்லாவற்றுக்கும் இது பழகிய காட்சி. ஒருவருக்கு போலீஸ் வேலை வேண்டும், இன்னொருவருக்கு ராணுவம். இன்னொருவருக்கு டாக்டர் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லியிருப்பார்.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் நல்ல மார்க் வாங்கியவர்கூட, ஓட்டத்தில் சில விநாடிகள் தாமதித்தால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அதனால் இந்தப் பக்கத்து வீடுகளில் ஓட்டம் என்பது பொழுதுபோக்கு இல்லை, சம்பளக் கவர்.

மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தில் பிறந்த ரேவதி வீரமணி சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். கூலி வேலை பார்த்த பாட்டிதான் வளர்த்தார். ஆரம்பத்தில் வெறுங்காலோடு ஓடிய அந்தப் பெண், 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். ஓட வேண்டும் என்ற ஆசைக்கு இந்தச் சீமையில் எப்போதும் பஞ்சம் இல்லை. பஞ்சம் எல்லாம் ஓடுவதற்கான இடத்துக்குத்தான்.

தார்ச்சாலையில் ஓடினால் இருட்டில் வரும் லாரி பயம். மலைப்பக்கம் போகலாம் என்றால் அது காப்புக்காடு. சாப்டூர் வனப்பகுதியையும் உள்ளடக்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் 2021-ல் அறிவிக்கப்பட்டது. அங்கே நினைத்த நேரத்தில் நுழைந்து ஓட முடியாது, ஓடவும் கூடாது. மிச்சம் இருப்பது கண்மாய்க் கரை மட்டும்.

இப்படி ஓடிப் பழகியவர், வீட்டாரோடு தை அமாவாசைக்கு வேன் பிடித்து ராமேஸ்வரம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பையில் வேட்டி, துண்டோடு ஓட்ட ஷூவும் இருக்கிறது. “ஏப்பா, சாமி கும்பிட வந்த எடத்துலயும் ஓட்டமா?” என்று அப்பத்தா கேட்பார். கேட்கட்டும். தென் மாவட்டத்துக்காரர்கள் கடலோரச் சரணாலயத்தை ஒட்டி ஓடிப் பார்க்க, தனுஷ்கோடிச் சாலையைப்போல இன்னொரு பாதை கிடைப்பது கஷ்டம்.

ஒன்பதரை கிலோமீட்டர்

ராமேஸ்வரம் ஊரிலிருந்து தெற்கே போனால் முகுந்தராயர் சத்திரம். அங்கிருந்து அரிச்சல்முனை வரைக்கும் போடப்பட்ட தார்ச்சாலை 2017 ஜூலையில் திறக்கப்பட்டது. மொத்தம் ஒன்பதரை கிலோமீட்டர். முதல் ஐந்து கிலோமீட்டர் முடிகிற இடத்தில் பழைய தனுஷ்கோடி ஊர். அதற்கு அப்பால் நாலரை கிலோமீட்டரில் தரை முடிந்து கடல் மட்டும்தான்.

கணக்கு சுலபம். சத்திரத்தில் தொடங்கி, இடிந்த தேவாலயம் வரை போய்த் திரும்பினால் 10 கிலோமீட்டர். முனை வரை போய்த் திரும்பினால் 19. அரை மாரத்தான் தூரமான 21 கிலோமீட்டருக்கு இரண்டு குறைவு. புதிதாக ஓடுகிறவர் தேவாலயம் வரை ஒருவழி ஓடி, அங்கே வேனில் ஏறிக்கொள்ளலாம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

ஓடும்போது இடது பக்கம் பாக் நீரிணை, வலது பக்கம் மன்னார் வளைகுடா. உள்ளூர் மீனவர்கள் அமைதியாகக் கிடப்பதைப் பெண் கடல் என்பார்கள், சீறிக்கொண்டிருப்பதை ஆண் கடல் என்பார்கள். ஒரே சாலையில் ஒரு காதில் ஓசையில்லாத கடல், மறு காதில் இரைச்சல்.

பாதி வழியில் வரும் இடிபாடுகளைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போக முடியாது. 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு அடித்த புயலில் போன ஊர் அது. ரயில் நிலையம், தபால் நிலையம், தேவாலயம், வீடுகள் எல்லாம் ஒரே இரவில் அழிந்தன. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலே ஆட்களோடு கடலுக்குள் போனது. அதன் பிறகு அரசு இதை மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டுத் தங்கி, மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்து இன்றும் பிழைக்கின்றன. அந்த ஊற்றுத் தண்ணீரில் முகம் கழுவப் போகிறவர், அது ஒரு வீட்டின் குடிநீர் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வெயில் அல்ல, புழுக்கம்

எழுமலையில் ஓடிப் பழகியவருக்கு வெயில் புதிதில்லை. ஆனால் கடலோரத்தில் வேறு ஒன்று காத்திருக்கிறது. மதுரைப் பக்கத்து வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும். காயும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். கடற்கரையில் காற்றிலேயே ஈரம் அதிகம். வியர்வை வழியும், காயாது. உடம்புக்குள் சூடு தங்கும். காற்று வீசுவதால் குளுமையாக இருப்பதுபோலத் தோன்றி, தண்ணீர் குடிக்கவும் மறந்துபோகும்.

அந்தச் சாலையில் நிழல் இல்லை. மரம் என்று ஒதுங்க எதுவும் இல்லை. ஆகவே தண்ணீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டிய அளவில் போட்டுக் கலக்கினால் போதும். வயிற்றுப்போக்குக்கு வீட்டில் கொடுக்கும் அதே கரைசல்தான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும். தலை சுற்றல், குமட்டல், உடம்பு சிலிர்ப்பது, பேச்சு குழறுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். “இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே” என்பதுதான் ஆளைச் சாய்க்கும் நினைப்பு.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். போகும்போது எதிர்க்காற்றாக இருந்தால் நல்லது. களைத்துத் திரும்பும்போது முதுகைத் தள்ளும். போகும்போதே தள்ளினால் வேகம் தன் திறமை என்று ஏமாந்து, திரும்பும்போது அழ வேண்டிவரும். ஆடிக் காற்றுக் காலத்தில் மணல் சாலையை மூடும். தார் மேல் படிந்த மெல்லிய மணலில் கால் வழுக்கும்.

“சாலை எதற்கு, மணலிலேயே ஓடலாமே” என்று சிலருக்குத் தோன்றும். தளர்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் முதலில் மாட்டும். அலை நனைத்த ஓரம் கெட்டியாக இருக்கும். ஆனால் கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் விழுந்து இடுப்பு வலிக்கும். தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது இந்த வேலையே வேண்டாம்.

மணலை விட்டு விலகியிருக்க இதைவிடப் பெரிய காரணமும் ஒன்று உண்டு.

ஓடித்தான் பறக்கும்

2025 ஜூனில், தனுஷ்கோடிப் பகுதியில் சுமார் 525 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைகளுக்கான சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. குளிர்காலத்தில் இங்கே உள்ள ஆழமில்லாத உப்புநீர்ப் பரப்புகளுக்குப் பூநாரைகள் கூட்டமாக வருகின்றன. நீண்ட கால், வளைந்த அலகு, சிறகை விரித்தால் இளஞ்சிவப்பு. அந்த நிறம் அவை தின்னும் பாசியிலிருந்தும் சிறு இறாலிலிருந்தும் வருவது. இரை குறைந்தால் நிறமும் வெளுக்கும்.

பூநாரை தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து, அலகால் சேற்றுத் தண்ணீரை வடிகட்டித்தான் சாப்பிடும். ஆள் அரவம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நிற்கும். அந்த நேரம் முழுக்கப் பட்டினி. ஆள் இன்னும் நெருங்கினால் பறக்கும். கனத்த உடம்பு என்பதால் நின்ற இடத்திலிருந்து சட்டென்று எழும்ப முடியாது. தண்ணீரில் தடதடவென்று சில அடி ஓடித்தான் மேலே எழும். செல்போனில் பார்க்க அழகான காட்சி. அந்தப் பறவைக்கோ காலையில் தின்ற சாப்பாடு வீண். ஒவ்வொரு வேன்காரரும் கை தட்டிக் கிளப்பிவிட்டால், அது நாளெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

ஓட்டத்துக்கு எவ்வளவு சக்தி செலவாகும் என்பது ஓடுகிறவருக்குத் தெரியும். தேவையில்லாமல் இன்னொரு உயிரை ஓட வைப்பது என்ன என்பதும் அவருக்குத்தான் முதலில் புரியும்.

அதே தை, மாசி, பங்குனி மாதங்களில்தான் பங்குனி ஆமைகள் இந்தக் கரையேறி மணலுக்குள் முட்டையிடும். வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட இடத்தில் புதைத்துக் காத்து, பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். கண்ணில் படாமல் தப்பிய குழிகளும் மணலில் இருக்கும். மேலே ஓடுகிறவருக்கு அது வெறும் மணல்.

ஆகவே பாதை என்பது தார்ச்சாலை மட்டுமே. நீர்ப்பரப்புக்குள் இறங்குவது, குறுக்கே ஓடுவது, ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவது, காலி பாட்டிலைக் காற்றில் விடுவது எல்லாம் வேண்டாம். வாகனங்களுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. முதல் நாள் மாலையே ராமேஸ்வரத்தில் விசாரித்துக்கொண்டால், இருட்டில் போய்ச் சோதனைச் சாவடியில் நிற்க வேண்டாம். அமாவாசை அன்றைக்கு ஓட்டமும் வேண்டாம். அன்று அந்தச் சாலை முழுக்க வேன்தான். மறுநாள் காலையில் ஓடலாம். எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி சாலையின் வலது ஓரமாக ஓடுவது எந்த ஊருக்கும் பொருந்தும். முனையில் கடலில் இறங்க ஆசை வரும். சுழல் உள்ள இடம் அது. கரையில் நின்று கும்பிட்டுக்கொள்ளலாம்.

தனுஷ்கோடிக்குச் சாலை வந்த பிறகுதான் கூட்டம் வந்தது. அந்தக் கூட்டத்தில் புகை விடாமல், ஹார்ன் அடிக்காமல் வரும் ஆள் ஓட்டக்காரர். நம்பர் ஒட்டி, மேடை போட்டு, பிளாஸ்டிக் கப் அடுக்கி ஆயிரம் பேரைக் கூட்டினால் அந்த நல்ல பெயர் ஒரே நாளில் போகும். இரண்டு மூன்று பேராக வந்து ஓடிவிட்டுப் போகிறவரை இந்த இடம் தாங்கும்.

வேன் ஊர் திரும்பும். மறுநாள் காலை எழுமலையில் பழையபடி அதே கண்மாய்க் கரை. கலுங்குப் பக்கம் நாமக்கோழிகள் மிதக்கும், கரையோரம் கொக்கு நிற்கும். அவற்றுக்கு யாரும் சரணாலயம் அறிவிக்கவில்லை. 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க ஓடுகிறவர், கொக்கு நிற்கிற இடம் வந்ததும் இரண்டடி தள்ளி ஓடினால் கடிகாரத்தில் ஒரு விநாடிகூடக் கூடாது. கொக்கும் தலையைத் தூக்காமல் மீன் தேடும்.