கடைசிப் பொத்தான்



ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு இப்போது பத்து வயது. ஏழு வயதுவரை சட்டையை நான்தான் மாட்டிவிட்டேன். பள்ளி வேன் வந்துவிடுமே என்ற அவசரம்.

சிறப்பாசிரியை ஒருவர் வழி சொன்னார்: மேலிருந்து எல்லாப் பொத்தானையும் நீங்கள் போடுங்கள், கடைசியை மட்டும் அவனிடம் விடுங்கள். வேலையை முடித்த மகிழ்ச்சி அவனுக்குக் கிடைக்கும். அது பழகியதும் கடைசி இரண்டு, பிறகு மூன்று. ஐந்து மாதம் ஆயிற்று; இன்று முழுச் சட்டையும் தானே போட்டுக்கொள்கிறான். படிப்புக்கும் அவனுக்கேற்ற வழி இருந்தது: பேருந்து என்றால் அவனுக்கு உயிர். தடம் எண்களை வைத்தே கூட்டல் கற்றான். அந்த ஆர்வத்தைப் பிடிவாதம் என்று சொல்லித் தடுக்கச் சொன்னவர்களும் உண்டு.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இருக்கின்றன. தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கிறது, நல்லது. ஆனால் தண்ணீர் பாட்டிலை அவனே திறக்கும்வரை ஒரு நிமிடம் பொறுக்க வகுப்பறையில் ஆளில்லை. பள்ளிகள் அந்த ஒரு நிமிடத்தைத் தர வேண்டும். தாத்தா, பாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: பாசத்தில் ஊட்டிவிடாதீர்கள். சோறு சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம்.

– ஒரு தாய், திருச்சி