ஆள் வரவில்லை என்று குறைப்படுவதற்கு முன்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஆற அமரப் படியுங்கள்.

நம் பழைய மாணவர்கள் சிலர் ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் எழுதி வருகிறார்கள். கணினிப் பக்கம் போகாத உறவினர்களுக்காகச் சொல்கிறேன்: யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று மூல நிரலைத் திறந்து வைத்த மென்பொருள் அது. போனில் பேசும்போது இந்தப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். "சார், டவுன்லோடு பண்றவங்க நிறைய பேர். கூட நின்னு வேலை செய்ய ஒருத்தரும் வரலை." அதோடு நிறுத்தாமல், நம்மவர்களுக்குப் பொதுநலமே கிடையாது என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள்.

அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. வருகிறவருக்குக் கொடுக்க வேலையைப் பிரித்து வைக்காததுதான் பெரும்பாலும் காரணம். கல்யாண வீட்டுக்கு ஒத்தாசை செய்ய வந்தவரிடம், "எல்லா வேலையும் இருக்கு, பாத்துச் செய்யுங்க" என்று சொல்லிப் பாருங்கள். பேசாமல் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார். "இந்த இருநூறு தாம்பூலப் பையிலும் தேங்காய் போடணும், மூட்டை அந்த அறையில இருக்கு" என்று சொன்னால், அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று கேட்பார்.

இதற்கு நல்ல உதாரணம் உங்களுக்குத் தெரிந்த மென்பொருள்தான். உங்களில் பலர் பிளஸ் டூவில் ஸ்டார் ஆபீஸ் படித்தவர்கள். ஜெர்மனியில் ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனம் எழுதிய மென்பொருள் அது. 1999-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2000-ல் மூல நிரலைத் திறந்துவிட்டது. அதுவே ஓப்பன் ஆபீஸ் ஆனது. 2010-ல் சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, அதில் உழைத்துவந்தவர்களில் ஒரு பகுதியினர் பிரிந்து லிப்ரே ஆபீஸ் திட்டத்தை அறிவித்தார்கள்.

கையில் இருந்தது பல லட்சம் வரி பழைய நிரல். புதியவர்கள் வந்தாக வேண்டும். அவர்கள் செய்தவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

1. வாசலில் இருந்த தடையை எடுத்தார்கள். முன்பெல்லாம் திருத்தம் அனுப்புகிறவர், அதன் உரிமையில் நிறுவனத்துக்குப் பங்கு கொடுத்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது இனி வேண்டாம் என்றார்கள். எழுதியவர் உரிமை அவரிடமே இருக்கும். திட்டத்தின் உரிமத்தின்படி எல்லோரும் பயன்படுத்தச் சம்மதம் என்று தெரிவித்தால் போதும்.

2. சின்ன வேலைகளைப் பட்டியல் போட்டார்கள். அதற்கு 'ஈஸி ஹேக்ஸ்' என்று பெயர். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு கடினம், என்ன தெரிந்திருக்க வேண்டும், நிரலில் எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்று குறிப்பு இருக்கும். அந்தப் பழைய நிரலில் விளக்கக் குறிப்புகள் ஏராளமாக ஜெர்மன் மொழியில் கிடந்தன. அவற்றை ஆங்கிலத்துக்கு மாற்றுவதையும் புதியவர்களுக்கான வேலையாக வைத்தார்கள். நிரல் எழுதுவதில் புலியாக இல்லாதவர்கூட, ஜெர்மன் தெரிந்தால் அதைச் செய்யலாம். செய்கிறபோதே நிரலை எப்படி இறக்குவது, மாற்றியதை எப்படி அனுப்புவது, மூத்தவர் சொல்லும் திருத்தத்தை எப்படி ஏற்பது என்று எல்லாம் பழகிவிடும். அடுத்த முறை அவருக்குப் பெரிய வேலை கொடுக்கலாம்.

3. தேதியை முடிவு செய்தார்கள். ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய பதிப்பு. தயாரான வசதிகள் அதில் ஏறும்; தயாராகாதவை அடுத்ததற்குக் காத்திருக்கும். பஸ் நேரத்துக்குப் புறப்படுகிற மாதிரிதான். லினக்ஸ் கருவிலும் இதே முறை. இரண்டு வாரம் புதிய வேலைகளைச் சேர்ப்பார்கள். பிறகு ஏழெட்டு வாரம் பிழை திருத்தம் மட்டும். ஆக, ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு.

இந்த மூன்றாவது விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கம்பெனியில் திட்டமிடுவது என்றால், இன்னார் இன்ன வேலையை இன்ன தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று எழுதுவீர்கள். சம்பளம் வாங்காமல் வருகிறவரிடம் அது நடக்காது. அவருக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் வரும், ஆபீஸில் வேலை கூடும். அவரை நம்பி 'இந்த வசதி வந்தால்தான் பதிப்பு' என்று உட்கார்ந்தால், அவர் குற்ற உணர்ச்சியில் போனையே எடுக்கமாட்டார். 'இந்தத் தேதியில் பதிப்பு வரும், உங்கள் வேலை முடிந்தால் அதில் சேரும்' என்றால் அவருக்கும் நிம்மதி, காத்திருப்பவர்களுக்கும் நிம்மதி.

இதற்கு வரும் மறுப்பும் எனக்குத் தெரியும். "சார், புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் கொடுத்து, அவங்க அனுப்புறதைத் திருத்துறதுக்கு, நானே பத்து நிமிஷத்துல எழுதிடுவேன்." உண்மைதான். கரும்பலகையில் கணக்கை நானே போட்டால்கூட இரண்டு நிமிடம்தான். பையனைக் கூப்பிட்டுப் போடச் சொன்னால் கால் மணி நேரம் ஆகும். ஆனாலும் அவனைத்தான் போடச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பரீட்சை ஹாலுக்குள் நான் வரமாட்டேன்.

ஒற்றை ஆளாக இழுப்பதில் ஆபத்தும் இருக்கிறது. எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்று ஒரு மென்பொருள். கோப்புகளைச் சுருக்கிக் கொடுப்பது அதன் வேலை. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் அது இருக்கும். பல ஆண்டுகளாக அதைக் கவனித்துவந்தவர் ஒரே மனிதர். சம்பளம் கிடையாது. வேலை தாமதமாகிறது என்று அவரைப் பலர் நச்சரித்த நேரத்தில், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு ஆண்டுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைப் பெற்றார். 2024 தொடக்கத்தில் வெளிவந்த பதிப்புகளில் திருட்டு வாசல் ஒன்றை ஒளித்து வைத்துவிட்டார். உலகமெங்கும் சர்வர்களுக்குள் நுழைய வழி செய்யும் வாசல் அது. ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் லாகின் ஆக அரை விநாடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியதால், அந்த மார்ச் மாதக் கடைசியில் அது வெளிப்பட்டது. இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும்?

அந்தத் தனி மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உலகமே பயன்படுத்திய பொருளுக்கு, பக்கத்தில் நிற்க நல்ல ஆட்கள் நாலு பேர் முன்பே இருந்திருந்தால், வந்த ஒருவரையே நம்பவேண்டிய நிலை வந்திருக்காது. நாலு பேரை ஒரே நாளில் சேர்க்க முடியாது. தேவைப்படுவதற்கு ஆண்டுக்கணக்கில் முன்பே பழக்கத் தொடங்க வேண்டும்.

ஆகவே, சொந்தமாகத் திட்டம் நடத்தும் பிள்ளைகளுக்கு: இந்த வாரம் புதிய வசதி எதுவும் எழுதாதீர்கள். ஒரு மாலைப்பொழுதில் முடிகிற ஐந்து வேலைகளை எழுதி வையுங்கள். எந்தக் கோப்பு, என்ன மாற்றம், முடிந்தது என்று எப்படித் தெரியும் என்பதுவரை இருக்கட்டும். உங்களுக்குச் சட்டென்று முடிகிற வேலையாக இருந்தாலும் அதைத் தொடாமல் விட்டுவையுங்கள். யாராவது திருத்தம் அனுப்பினால் இரண்டு நாளைக்குள் பதில் போடுங்கள், 'பார்த்தேன், ஞாயிறு சொல்கிறேன்' என்றாவது. முதல் திருத்தத்துக்குப் பதிலே வராதவர் இரண்டாவதை அனுப்பமாட்டார்.

கம்பெனிகளில் பெரிய பொறுப்பில் இருப்பவர்களுக்கு: உங்கள் பொருள் எந்தெந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் மேல் நிற்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஒரே ஆள் தாங்கிக்கொண்டிருப்பது எது என்று பாருங்கள். வாரத்தில் சில மணி நேரம் அங்கே போய் வேலை செய்ய உங்கள் குழுவில் ஒருவரை அனுப்புங்கள். அதை ஆபீஸ் வேலையாகவே கணக்கில் எழுதுங்கள்.

நிரலே தெரியாத நம் சொந்தங்களுக்கும் இடம் உண்டு. லிப்ரே ஆபீஸைத் தமிழ் மெனுக்களோடு பயன்படுத்தலாம். அந்தச் சொற்கள் தானாக வந்தவை அல்ல. யாரோ உட்கார்ந்து மொழிபெயர்த்தவை. வெப்லேட் என்ற தளத்தில் பதிவு செய்துகொண்டு, பிரவுசரிலேயே ஒவ்வொரு வரியாகப் பார்க்கலாம். நல்ல தமிழ் தெரிந்த ஓய்வு பெற்ற வாத்தியார்கள் நம் குடும்பத்திலேயே ஐந்தாறு பேர் இருக்கிறோம். மதியத் தூக்கத்தில் அரை மணி நேரம் குறைத்தால் போதும்.

திட்டம் நடத்தும் பிள்ளைகள் அந்த ஐந்து வேலைகளை எழுதி முடித்ததும் கீழே இணைப்பைப் போடுங்கள். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அதை அனுப்பி வைப்பது என் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் கணினி சார்