டூர் ஸ்கீமும் கல்லாக் கணக்கும்



இவ்வளவு சரக்கு எடுத்தால் வெளிநாட்டுப் பயணம் என்று கம்பெனிகள் ஸ்கீம் போடுவது நம் தொழிலில் புதிதல்ல. சனி, ஞாயிறில் போய்த் திரும்பலாம், டென்னிஸ் போட்டிக்கு டிக்கெட்டும் உண்டு என்றால் யாருக்கும் சபலம் தட்டத்தான் செய்யும்.

ஒரு காலத்தில் இதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை. 1997 முதல் 2017 வரை சென்னை நுங்கம்பாக்கத்திலேயே சர்வதேச ஆடவர் போட்டி நடந்தது. ராஃப்டர், மோயா, நடால் எல்லோரும் வந்து ஆடினார்கள். சேந்தமங்கலத்துக்காரர் சேலம் போய் இரவு ரயில் பிடித்தால் போதும். 2018-ல் அந்தப் போட்டி புனேவுக்குப் போயிற்று. 2023-உடன் அங்கும் நின்றது. 2024 முதல் அதே ஜனவரிப் பருவத்தில் ஹாங்காங்கில் ஆடவர் போட்டி நடக்கிறது. சென்னையில் 2022-லும் 2025-லும் மகளிர் போட்டி நடந்தது ஆறுதல்.

ஆசைப்படுவது தவறில்லை. சொந்தக் காசில் குடும்பத்தோடு போய் வருபவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஸ்கீமில் வரும் பயணத்தை "இலவசம்" என்று நினைப்பதுதான் தவறு.

முதலில் வரி. 2022 ஜூலை முதல், தொழில் காரணமாக ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் பெறும் சலுகைகளுக்கு 10 சதவீதம் வரிப் பிடித்தம் உண்டு. இலக்கை முடித்ததற்கான பயணம், நிகழ்ச்சிக்கான இலவச டிக்கெட் இரண்டும் இதில் அடங்கும் என்று வருமான வரித் துறையே விளக்கியிருக்கிறது. பயணத்தின் மதிப்பு 80,000 என்றால் பிடித்தம் 8,000. அந்த 80,000-மும் நம் வருமானத்தில் சேரும்.

அடுத்தது சரக்கு. இலக்கை எட்ட 4 லட்சம் ரூபாய்க்குக் கூடுதலாக எடுத்து, அது மூன்று மாதம் கிடங்கில் தூங்கினால், நூற்றுக்கு ஒன்றரை வட்டியில் 18,000 ரூபாய் போச்சு. எலிக்கும் ஈரத்துக்கும் போவது தனி.

மூன்றாவது நாள். ஜனவரி முதல் வாரம் என்பது பச்சரிசியும் வெல்லமும் நெய்யும் முந்திரியும் வாங்கப் பொங்கல் கூட்டம் வரத் தொடங்கும் நேரம். அப்போது கடை பூட்டியிருந்தால் வாடிக்கையாளர் நாமக்கல்லுக்குப் போய்விடுவார். ஒருமுறை போனவர் திரும்புவது நிச்சயமில்லை.

எனவே ஸ்கீம் கொண்டுவரும் விற்பனைப் பிரதிநிதியிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான். "பயணத்துக்கு ஆகும் தொகையைப் பில்லிலேயே கழித்துக் கொடுங்கள்." பில்லில் தரும் விற்பனைத் தள்ளுபடிக்கு மேற்படி பிடித்தம் கிடையாது. தனி ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். ஊர்க் கடைக்காரர்கள் சேர்ந்து கேட்டால் யோசிப்பார்கள். அதற்குத்தானே சங்கம்!

கழிவு கைக்கு வரட்டும். அதற்குப் பிறகு ஹாங்காங் போவதா, கொல்லிமலை போவதா என்பதை நாமே முடிவு செய்வோம்.