கணிப்பொறியோ? மென்பொருளோ?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியாகும் நாள் தொட்டுத் தமிழ்நாட்டில் இல்லந்தோறும் ஒரு வினா எழுகின்றது. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண் கைக்கு வந்தவுடன், கணிப்பொறி எடுப்பதா மென்பொருள் எடுப்பதா எனத் தந்தையார் அண்டை வீட்டாரை வினவுவர். அண்டை வீட்டார் தம் மருமகனாரை வினவுவர். மருமகனார் தாம் வாங்கும் ஊதியத்தைக் கூறுவர். படிக்கப்போகும் பதினேழு வயதுப் பிள்ளையை வினவுவார் அரியர். வினவினும் அப்பிள்ளை யாது கூறும்? இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அதற்கு எடுத்துரைத்தவர் யாருமிலர். தமிழ் பயிலும் மாணவர் இதனை உரைக்கப் புகுவது சிலர்க்கு நகைப்பாகலாம். நம் கல்லூரியில் பயில்வார் பலருடைய தம்பி தங்கையர் இவ்வினாவோடு நிற்கின்றனராதலின், அந்நகைப்பைப் பொறுத்துக்கொள்ளலாமென யான் துணிந்தேன்.

தொடக்கத்தில் இவ்விரண்டும் ஒன்றாகவே இருந்தன. 1946-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உலகறிய வெளிப்படுத்தப்பட்ட எனியாக் என்னும் கணிப்பொறி, ஏறக்குறைய 18,000 வால்வுகளைக் கொண்டு ஒரு பெரிய அறையை அடைத்து நின்றது. ஒரு கணக்கை விடுத்து வேறொரு கணக்கைச் செய்விக்க வேண்டுமாயின், அதன் கம்பி இணைப்புக்களைக் கழற்றி வேறு வகையாக மாட்டுதல் வேண்டும். பொறியும் அதற்கிடும் கட்டளையும் அங்ஙனம் பிரிவறக் கலந்து கிடந்தன. பின்னர், கட்டளைகளையும் பொறியின் நினைவகத்திலேயே எழுதி வைக்கும் முறை தோன்றவே, கட்டளையானது பொறியினின்று பிரிந்து தனக்கென ஒரு வாழ்வு பெற்றது. அது பெருகப் பெருக, குறித்த நாளில் முடியாமலும் குறித்த செலவில் அடங்காமலும் பிழை மலிந்தும் வரலாயிற்று. இக்கேட்டினை ஆராய 1968-ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டுக் கார்மிஷ் என்னும் ஊரில் கூடிய அறிஞர் மாநாடே, மென்பொருட் பொறியியல் என்னும் பெயரை உலகில் நிலைபெறச் செய்தது.

தொல்காப்பியம் கற்பார்க்கு இவ்வகைப் பிரிவு புதிதன்று. எழுத்ததிகாரத்துப் பிறப்பியல், உந்தியினின்று எழும் காற்று நெஞ்சு மிடறு தலை என்னும் இடங்களைச் சார்ந்து, நா முதலிய உறுப்புக்களின் தொழிலால் எழுத்தாகுமாற்றை ஆராய்கின்றது. பொருளதிகாரமோ மக்கள் வாழ்வை ஆராய்கின்றது. கணிப்பொறிப் பொறியியலார் பிறப்பியலார் போல்வர். மின்னோட்டம் ட்ரான்சிஸ்டரில் ஓடியும் நின்றும் 1 எனவும் 0 எனவும் ஆவது எங்ஙனம், அவை கோடிக்கணக்கிற் கூடி ஒரு சிப் ஆவது எங்ஙனம், அந்தச் சிப் ஒரு மோட்டார் வண்டியிலோ மருத்துவக் கருவியிலோ அமர்ந்து பணி புரிவது எங்ஙனம் என்பன அவர் ஆராய்ச்சி. மக்கள் வேண்டுவது யாது, அதனைக் கூறுபடுத்தி அமைப்பது எங்ஙனம், பலர் எழுதியதை ஒன்றாக இயைப்பது எங்ஙனம், பிழையைச் சோதித்துக் காண்பது எங்ஙனம், பத்தாண்டு கழித்து வேறொருவர் அதனைத் திருத்துமாறு வைத்தல் எங்ஙனம் என்பன மென்பொருட் பொறியியலார் ஆராய்ச்சி. உவமையை மிக நீட்டின் அறுந்துபோம். ஆதலின் இம்மட்டில் விடுகின்றேன்.

நிற்க. இவ்விரண்டனுள் ஒன்றைத் தெரிவார் முதற்கண் எண்ணிப் பார்க்க வேண்டுவது ஊதியம் அன்று. எவ்வகைப் பிழைக்குத் தாம் பொறுப்பாளியாக ஒருப்படுவர் என்பதே. இது விந்தையான அளவுகோலாகத் தோன்றலாம். ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். 1994-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தாமஸ் நைஸ்லி என்னும் கணிதப் பேராசிரியர், தம் கணிப்பொறி வகுத்தற் கணக்கில் பிழை செய்வதைக் கண்டார். தம் கணக்கையே பலமுறை ஐயுற்றுச் சோதித்த பின்னர், பிழை பென்டியம் என்னும் சிப்பின் உள்ளேயே இருப்பதை அறிந்தார். வகுத்தலுக்கென அதனுள் வைத்த அட்டவணையில் 1,066 இடங்களுள் ஐந்து இடங்கள் நிரப்பப்படாது விடுபட்டிருந்தன. ஐந்தே இடங்கள்! ஆயினும் சிலிக்கானிற் பொறித்தது பொறித்ததே, அழித்தெழுத வழியில்லை. இன்டெல் நிறுவனத்தார் வேண்டினார்க்கெல்லாம் அந்தச் சிப்பை மாற்றித் தர நேர்ந்தது. அதன்பொருட்டு அவர் கணக்கில் ஒதுக்கிய தொகை 47 கோடியே 50 இலட்சம் டாலர். கணிப்பொறிப் பொறியியலைத் தெரிவார் கல்வெட்டுப் பொறிக்கும் சிற்பியின் மனத்தினராதல் வேண்டும். ஒருமுறை உளி வைப்பதற்கு நூறுமுறை நோக்குதல் அவர்க்குச் சலிப்புத் தரலாகாது.

மென்பொருளோ ஓலையில் எழுதியது போலவும் அன்று. மணலில் எழுதியது போல்வது. இன்று விடுத்ததை நாளைத் திருத்தி அனுப்பலாம். இஃது அதன் வசதி. இதுவே அதன் இடரும் ஆகும். 'பின்னர்த் திருத்திக்கொள்ளலாம்' என்னும் எண்ணம் உள்ளே நுழைந்தபின் கவனம் வெளியேறிவிடுகின்றது. தெராக்-25 என்னும் கதிர்வீச்சு மருத்துவக் கருவியின் வரலாற்றைப் படித்தபோது என் நெஞ்சம் நடுங்கிற்று. 1985 முதல் 1987 வரை கனடாவிலும் அமெரிக்காவிலும் புற்றுநோயாளர் ஆறுபேர் அக்கருவியால் அளவு கடந்த கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவருட் சிலர் அதனாலேயே மாண்டனர். அதற்கு முந்திய தெராக்-20 என்னும் கருவியில், தவறு நேரின் தானே தடுத்து நிறுத்தும் மின்பொறி அமைப்பு இருந்தது. புதிய கருவியில் அதனை நீக்கி, அக்காவலை மென்பொருளிடமே ஒப்படைத்தனர். கருவியை இயக்குவோர் ஒருமுறை தட்டியதை விரைந்து திருத்தித் தட்டினால் மென்பொருள் தடுமாறிற்று. பிற்காலத்து ஆராய்ந்தபோது, அத்தகைய பிழை பழைய கருவியின் மென்பொருளிலும் இருந்தது புலனாயிற்று. அங்கே வன்பொருள் காத்து நின்றமையால் ஒருவர்க்கும் தீங்கு நேரவில்லை.

இதனின்று யான் கொள்வது யாதெனின், இரு துறைக்கும் இடையேயுள்ள வரப்பிலேதான் உயிர்கள் நிற்கின்றன என்பது. மென்பொருள் பயில்வார் பொறியைத் தமக்குப் புறம்பானதெனக் கருதுதலும், பொறி பயில்வார் மென்பொருளை எளியதெனக் கருதுதலும் ஒருபடித்தான பேதைமையே.

மென்பொருட் பொறியியலார்க்கு மற்றொரு குணமும் வேண்டும். அஃதாவது, தாம் அறியாத துறையினரிடம் சென்று பணிவோடு கேட்டறிதல். நம் தமிழையே நோக்குக. நம் இலக்கணப்படி 'க்' என்னும் மெய் முன்னது. அதனோடு அகரம் கூடியே 'க' பிறக்கும். யூனிகோட் முறையிலோ 'க' முன்னது. அதன்மேற் புள்ளி சேர்ந்தே 'க்' ஆகின்றது. ஆகலின் 'அக்கா' என்னும் மூன்றெழுத்துச் சொல்லைக் கணிப்பொறி ஐந்து குறிகளாக எண்ணும். இலக்கணம் வினவியறியாதார் எழுத்தெண்ணும் மென்பொருள் செய்யப் புகின், கட்டளைக் கலித்துறையின் கதி யாதாகும்! எம் வகுப்பினர்க்கு அத்துறையாரிடம் ஒரு சிறு வழக்கு உண்டென்பதை இவ்விடத்து மறைக்க விரும்பவில்லை.

"இக்காலத்துச் செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகின்றதே, இனி மென்பொருள் பயில்வது எற்றுக்கு?" என்பாரும் உளர். வரி வரியாக நிரல் எழுதுவதொன்றே அத்துறையாயின் அவர் கூற்று பொருந்தும். எழுதவேண்டுவது யாது என முடிவு செய்தலும், எழுதியது சரியோ எனச் சோதித்தலும், தவறின் பொறுப்பேற்றலும் அதன் பெரும்பகுதி. தெராக்-25 கருவியின் நிரலை ஓர் இயந்திரம் எழுதியிருப்பினும், அதனைச் சோதித்து ஒப்புக்கொள்ள ஒரு மனிதர் வேண்டுமன்றோ?

இனி நம் மாநிலத்து நிலையைக் கூறவேண்டும். இங்கே பெரும்பாலான பொறியியற் கல்லூரிகளில் மேற்கூறிய இரு பெயர்களும் அப்படியே காணப்படுவதில்லை. கணிப்பொறி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல், இப்பொழுது புதிதாகச் செயற்கை நுண்ணறிவு மற்றும் தரவு அறிவியல் என்னும் பெயர்களே உள்ளன. பெயர் புதிதாயின் அதன்பால் ஓடும் வழக்கம் நம்மவரிடம் மிகுந்துவிட்டது. 2018 முதல் இணையவழி நடைபெறும் கலந்தாய்வில், விருப்பப் பட்டியலைப் பிள்ளைகளே வரிசைப்படுத்தலாம். அதனை நிரப்புமுன் ஒவ்வொரு பிரிவின் பாடத்திட்டத்தையும் திறந்து பார்த்தல் ஒரு மாலைப்பொழுதின் வேலையே. இலக்கச் சுற்றுகள், கணிப்பொறிக் கட்டமைப்பு, நுண்செயலி, சிப் வடிவமைப்பு முதலியன மிக்கிருப்பின் அது பொறியின் வழி. தேவையறிதல், வடிவமைத்தல், சோதித்தல், தரவுத்தளம் முதலியன மிக்கிருப்பின் அது மென்பொருளின் வழி. மின்னணுவியல் பிரிவை 'கணிப்பொறி கிடையாதார்க்கு உரியது' எனத் தள்ளுவோர், சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' என்னும் பெயரோடு நுண்செயலிகள் வடிவமைக்கப்பட்டிருத்தலை அறியார் போலும். பொறியின்பால் உள்ளம் செல்லும் பிள்ளைக்கு அப்பிரிவே முதல் விருப்பமாதலும் தகும்.

கோபுரம் கட்டத் தொடங்கி முடிக்கமாட்டாது நகையுண்ட ஒருவனைப் பற்றிய உவமை லூக்கா சுவிசேஷத்தில் உண்டு. அவன் கணக்கிடத் தவறியது பொருளை. நம் பெற்றோர் பொருளை நன்கு கணக்கிடுகின்றனர். நகையை அடகு வைத்தும் வங்கியிற் கடன் பெற்றும் நான்காண்டுச் சம்பளத்திற்கு வழி தேடிவிடுகின்றனர். பிள்ளையின் மனப்பாங்கு ஒன்றே அக்கணக்கில் ஏறாது நின்றுவிடுகின்றது.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் இவ்விரு தொழிலிலும் இருப்போர் உளராயின், அவர்கள்பால் ஒரு வேண்டுகோள். தாம் வாங்கும் ஊதியத்தைப் பிறர் கூறக் கேட்டுவிட்டோம். ஒரு நாட்காலையில் மேசைமுன் அமர்ந்தது முதல் மாலைவரை தாம் செய்யும் வேலை யாது, எத்தகைய பிழையை எண்ணி இரவில் துயில் கெடுகின்றது என்பவற்றை அடுத்த ஆண்டு மலருக்கு எழுதியனுப்புவராயின், தேர்வு முடிவு வரும் திங்களில் பல இல்லங்களில் அது படிக்கப்படும்.