பரிசுக்கு முன்னே பயிர்



நோபல் பரிசு எந்தெந்தத் துறைகளுக்குத் தரப்படுகிறது என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவீர்கள். இயற்பியல், வேதியியல், மருத்துவம், இலக்கியம், அமைதி, பொருளாதாரம். ஆறு ஆயிற்று. நாம் உண்ணும் சோறும் சப்பாத்தியும் எங்கிருந்து வருகின்றன? பயிரிலிருந்து. அந்தப் பயிரை ஆராய்பவர்களுக்கென்று தனி நோபல் பரிசு உண்டா? இல்லை!

அப்படியானால் தாவர அறிவியலில் சாதித்தவர்களை உலகம் எப்படிப் பாராட்டியது?

அமெரிக்காவைச் சேர்ந்த நார்மன் போர்லாக் 1944இல் மெக்சிகோவுக்குச் சென்றார். அங்கே கோதுமையைத் துரு நோய் அழித்துக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான செடிகளைக் கலப்பினம் செய்து, நோயைத் தாங்கும் ரகங்களை உருவாக்கினார். உரமிட்டால் உயரமான கோதுமை, கதிரின் கனம் தாங்காமல் சாய்ந்துவிடும். ஆகவே குட்டையான, தண்டு உறுதியான ரகங்களையும் கொண்டுவந்தார். 1970இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. பயிர் விஞ்ஞானிக்கு எதற்கு அமைதிப் பரிசு என்கிறீர்களா? வயிறு காய்ந்த வீட்டில்தானே முதலில் சண்டை வரும்!

உணவுக்காக உழைப்பவர்களைப் பாராட்ட ஒரு பரிசு வேண்டும் என்று விரும்பிய போர்லாக், 'உலக உணவுப் பரிசு' உருவாகக் காரணமானார். 1987இல் அதை முதன்முதலாகப் பெற்றவர் யார் தெரியுமா? நம் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன்!

1965, 1966ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் கடும் வறட்சி. வெளிநாட்டுக் கப்பலில் கோதுமை வந்தால்தான் பலருக்கு உணவு என்ற நிலை. அந்தக் காலத்தில் போர்லாக்கின் குட்டைக் கோதுமையை நம் மண்ணுக்கு ஏற்றதாக்கி, உழவர்களின் வயலிலேயே விளைவித்துக் காட்டியவர்களில் முதன்மையானவர் சுவாமிநாதன். 1964-65இல் சுமார் 1 கோடியே 20 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1967-68இல் 1 கோடியே 60 லட்சம் டன்னைத் தாண்டியது. பரிசுப் பணத்தை அவர் என்ன செய்தார்? அதைக் கொண்டு 1988இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரு பரிசு, இன்னும் பல ஆராய்ச்சிகளுக்கு விதையாயிற்று. 2023இல் அவர் மறைந்தார். 2024இல் அவருக்குப் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது.

பரிசு பெற்றால்தான் உழைப்புக்கு மதிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பார்பரா மெக்ளின்டாக் அம்மையாரின் கதையைக் கேளுங்கள்.

அவர் அமெரிக்காவில் மக்காச்சோளத்தை ஆராய்ந்தவர். சில கதிர்களில் மணிகள் ஒரே நிறமாக இல்லாமல் புள்ளி புள்ளியாக இருக்கும். "ஏன் இப்படி?" என்பதுதான் அவர் கேள்வி. செடியின் நிறம், உயரம் போன்றவற்றைத் தீர்மானிக்கும் மரபணுக்கள், மாலையில் கோத்த மணிகளைப் போல அவரவர் இடத்திலேயே இருக்கும் என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். சில மணிகள் இடம் விட்டு இடம் தாவுகின்றன என்று அவர் கண்டார். அவை நிறம் தரும் மரபணுவுக்குள் போய் உட்கார்ந்தால் நிறம் மறையும். விலகினால் அந்த இடத்தில் நிறப்புள்ளி தோன்றும்.

1951இல் விஞ்ஞானிகள் கூட்டத்தில் இதைச் சொன்னார். பலருக்குப் புரியவில்லை, சிலர் நம்பவில்லை. அவர் யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. தம் மக்காச்சோள வயலுக்கே திரும்பினார். பின்னாளில் பாக்டீரியாக்களிலும் தாவும் மரபணுக்கள் இருப்பது தெரியவந்தது. 1983இல், 81ஆவது வயதில், மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அந்தப் பரிசை யாரோடும் பங்கிடாமல் பெற்ற ஒரே பெண் இன்றுவரை அவர்தான்.

அந்த 32 ஆண்டுகளில் அவருக்குக் கைதட்டியவர்கள் குறைவு. அதனால் அவர் கண்டது பொய்யாகிவிட்டதா? பரிசு வருவதற்கு முன்பும் அது உண்மைதான். வந்த பிறகும் அதே உண்மைதான்.

பள்ளி ஆண்டு விழாவில் பெயர் வாசிக்கப்படாத பிள்ளைகளின் வாடிய முகங்களைப் பல ஆண்டுகள் பார்த்தவன் நான். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மேடையில் கொடுக்கும் கோப்பைகள் சில. உலகில் கேட்க வேண்டிய கேள்விகளோ ஏராளம்.

இந்த வாரம் இரண்டு தொட்டிகளில் பாசிப்பயறு ஊன்றுங்கள். ஒன்றை வெயிலிலும் மற்றதை நிழலிலும் வையுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். தினமும் அளந்து நோட்டில் எழுதுங்கள். எது உயரமாக வளர்கிறது? எது உறுதியாக நிற்கிறது? ஏன்? புத்தகத்தைப் பார்க்கும் முன் செடியைப் பாருங்கள். இதற்கு யாரும் பரிசு தரமாட்டார்கள். ஆனால், நீங்களே கண்டறிந்ததை உங்களிடமிருந்து யாராலும் பறிக்க முடியாது!