புடவைப் பட்டியல் போதும், சான்றிதழைப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் இன்று பி.எட். முடித்த ஆசிரியை. துபாயில் ஓர் இந்தியப் பள்ளிக்கு வேலைக்குப் போகிறாள். அவளுடைய குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த அறிவுரைகளை எனக்கு அனுப்பியிருந்தாள். புடவையா சுடிதாரா, கை எவ்வளவு நீளம், துப்பட்டாவுக்கு எத்தனை பின், பூ வைக்கலாமா, தாலிச் சங்கிலி வெளியே தெரியலாமா என்று இருபத்திரண்டு வரிகள். கடைசியில் ஒரே வரி: "ஒரிஜினல் சர்டிபிகேட், பாஸ்போர்ட் எல்லாம் ஏஜெண்ட்கிட்ட குடுத்துடு, அவர் பாத்துப்பார்."

காகிதத்தைப் பற்றி இருந்தது அந்த ஒரு வரிதான். அதுவும் தவறு.

உடை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். தோளும் முழங்காலும் மறைகிற, இறுக்கமில்லாத, நின்று பாடம் நடத்த வசதியான உடை போதும். புடவையா சல்வாரா என்பதை அந்தப் பள்ளியிடமே ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். வகுப்பறையில் ஏ.சி. குளிரும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள். அவ்வளவுதான். இதே வேலைக்கு ஒரு பையன் போனால் அவன் சட்டையைப் பற்றி இருபத்திரண்டு வரி எழுதுவோமா?

இனி காகிதத்துக்கு வருவோம்.

முதலில் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். மதிப்பெண் பட்டியலில் 'சு. கவிதா', பாஸ்போர்ட்டில் வெறும் 'கவிதா', பட்டத்தில் அப்பா பெயர் முழுதாக. இந்த மூன்றும் ஒரே ஆள் என்று அயல்நாட்டு அலுவலர் எப்படி நம்புவார்? பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலேயே அறிவித்தது. விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் பெயரைச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது முத்திரை. அமீரக வேலை என்றால் பட்டச் சான்றிதழில் மாநில அரசு, நம் வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், பிறகு அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் என்று வரிசையாகச் சான்றொப்பம் வேண்டும். ஓமன் போன்ற நாடுகளுக்கு 'அப்போஸ்டில்' என்ற ஒரே முத்திரை போதும், இந்தியா 2005 முதல் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. இதற்கு அசல் சான்றிதழைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அங்கீகாரம் பெற்ற இடத்தில், ரசீது வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும், வேலை முடிந்ததும் திரும்ப வாங்க வேண்டும். தெரு முனை ஏஜெண்ட் பீரோவில் பூட்டி வைப்பதற்கு அல்ல.

ஏஜெண்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். "விசிட் விசாவில் போய் வேலையில் சேர்ந்துவிடு" என்று சொல்பவரை நம்பாதீர்கள். விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே சட்டவிரோதம், மாட்டினால் தண்டனை ஏஜெண்டுக்கு அல்ல, உங்களுக்கு.

பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று 1967ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஊழியரின் ஆவணங்களை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்று அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும் சொல்கிறது. ஆனாலும் நம் பிள்ளைகள் கேட்டவுடன் எடுத்து நீட்டுகிறார்கள். ஏன்? இங்கேயே நாம் பழக்கிவிட்டோம்!

நம்மூர்த் தனியார் பள்ளிகள் பலவற்றில் ஆசிரியை சேரும்போதே அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நியமன ஆணை கிடையாது, சம்பளம் கையில் ரொக்கமாக. இந்தப் பெண்ணும் ஆறு வருடம் அப்படித்தான் வேலை பார்த்தாள். விலகும்போது அசலைத் திரும்ப வாங்க நான்கு மாதம் அலைந்தாள். அனுபவச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை. ஆறு வருடம் பாடம் நடத்தியவள் அங்கே போய்ப் புது ஆசிரியைச் சம்பளத்தில் சேரப்போகிறாள். இதைப் பற்றி அந்தக் குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"மானம் மரியாதைக்காகத்தானே சொல்கிறோம், சார்" என்பீர்கள். அறியாத ஊரில் பாஸ்போர்ட் இன்னொருவர் மேஜைக்குள் இருக்க, சம்பளம் வராவிட்டாலும் திரும்ப முடியாமல் நிற்பதுதான் மானக்கேடு. ரவிக்கையின் கை இரண்டு அங்குலம் குறைவது அல்ல.

அடுத்த முறை நம் வீட்டுப் பெண் வெளிநாடு கிளம்பினால் இதைக் கேளுங்கள்: எல்லாக் காகிதத்திலும் பெயர் ஒன்றா? வேலை ஒப்பந்தம் கையில் வந்ததா, படித்தாயா? முத்திரை முடிந்ததா? இரண்டு செட் நகல் எடுத்து ஒன்றை வீட்டில் வைத்தாயா, மொபைலிலும் மின்னஞ்சலிலும் ஏற்றினாயா? இந்தியத் தூதரகத்தின் எண் குறித்துக்கொண்டாயா? இவற்றுக்குப் பதில் வந்த பிறகு புடவை நிறத்தைப் பேசலாம்.

என் மாணவர்களில் பள்ளி நடத்துகிறவர்களும் இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் பீரோவில் எந்த ஆசிரியையின் அசல் சான்றிதழாவது இருந்தால், திங்கட்கிழமை காலை கூப்பிட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். அனுபவச் சான்றிதழையும் சேர்த்து.